அந்தக் கறுப்புக் கட்டம் என்னன்னு அவன்கிட்டயே கேளுங்க – வாசகர் கேள்வி பதில்

போன மாசம் இந்தப் பகுதியில ரெண்டே வரி எழுதிருந்தேன், பள்ளிக்கூடத்துல ட்ராயிங் டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனதுக்கு அப்புறம் வியாழக்கிழமை ஆனா சேலத்துல ஒரு குழந்தைங்க வார்டுக்குப் போயி பிள்ளைங்களோட உக்காந்து வரையுறேன்னு. அதுக்கு வந்த கடிதமே ஒரு மஞ்சப்பை நிறைய இருக்கு. கோலம், தோட்டம், பட்ஜெட்னு மத்த கேள்வியெல்லாம் அடுத்த மாசம் பாத்துக்கலாம், இந்த இதழ் முழுக்க இந்தப் பிள்ளைங்களுக்குத்தான்.

கேள்வி: என் பையனுக்கு 7 வயசு மேடம். ரத்தப் புத்துநோய்னு சொல்லி மூணு வாரமா ஆஸ்பத்திரியிலதான் இருக்கோம். வாயாடிப் பையன், இப்ப பேச்சே இல்ல, எந்நேரமும் ஃபோன், புடுங்குனா கத்துறான். பக்கத்து பெட் அக்கா ஒரு நோட்டும் க்ரயானும் குடுத்தாங்க, அதுல வெறும் கறுப்புல கட்டம் கட்டமா அப்பி வெச்சிருக்கான். அதப் பாத்ததுல இருந்து எனக்குத் தூக்கமே போச்சு. கறுப்பா வரைஞ்சா மனசு உடைஞ்சிருச்சுன்னு அர்த்தமா?
– பெயர் வேண்டாம், அம்மாபேட்டை

பதில்: தங்கச்சி, முதல்ல அந்த பயத்த இறக்கி வெச்சிருங்க. கறுப்புன்னா சோகம், சிவப்புன்னா கோவம்னு அகராதி எல்லாம் கிடையாது. அப்படி சொல்றவங்க பேச்சக் கேட்டு பிள்ளையோட நோட்ட ஜாதகம் மாதிரி பாக்காதீங்க. உங்க பையன் மாதிரியே ஒரு பையன், 6 வயசு, போன வருஷம் நான் போற வார்டுல இருந்தான். அவனும் கறுப்புக் கட்டம்தான். ஒரு பக்கம் முழுக்க ஒரே கட்டம், பேப்பர் கிழியுற அளவுக்கு அழுத்தி அழுத்தி. அவங்க அம்மா ஒதுக்குப்புறமா கூப்ட்டு அழுதாங்க. நான் அவன் பக்கத்துல உக்காந்து என் பேப்பர்ல நான் பாட்டுக்கு ஒரு கொய்யாப்பழம் வரைஞ்சிட்டு இருந்தேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "உன் படத்தப் பத்தி சொல்றியா"ன்னு மட்டும் கேட்டேன். "லிஃப்ட்டு"ன்னான். ஒரு நிமிஷம் கழிச்சு, "கதவு மூடியிருக்கு, கீழ போனா முதுகுல ஊசி."

அவ்வளவுதான் விஷயம். இந்த வியாதிக்கு முதுகுத்தண்டுல மருந்து போடணும், அதுக்கு கீழ் மாடிக்கு லிஃப்ட்ல கூட்டிட்டுப் போவாங்க, அந்த லிஃப்ட்டதான் நாலு நாளா வரைஞ்சிட்டு இருந்திருக்கான், நாங்க எல்லாம் என்னென்னவோ நெனச்சிட்டு இருந்திருக்கோம். "லிஃப்ட்ல பட்டன் இருக்குமே, எங்க?"ன்னு கேட்டேன். மஞ்சள் க்ரயான எடுத்து ஓரத்துல சின்னதா ரெண்டு வட்டம் போட்டான். "யார் அமுக்குறது?" "ஆயா." "நீ அமுக்குனா?" நிமிந்து பாத்தான் பாருங்க ஒரு பார்வை. நான் போயி வார்டு சிஸ்டர்கிட்ட சொன்னேன், அடுத்த தடவை போறப்ப அவனையே பட்டன அமுக்க விட்டாங்க. ஊசி அதே ஊசிதான், வலி அதே வலிதான், அழவும் செஞ்சான். ஆனா அதுக்கு முன்னால எல்லாம் பெட்ட விட்டு இறங்கவே நாலு பேர் புடிக்கணும், அன்னைக்கு அவனே நடந்து போனான்.

ஏன் இத இவ்வளவு நீட்டி சொல்றேன்னா, ஆஸ்பத்திரியில ஒரு குழந்தைக்கு எல்லாமே மத்தவங்க பண்றதுதான் நடக்கும். எப்ப சாப்பாடு, எப்ப ஊசி, எந்த சட்டை, எப்ப லைட் அணைக்கணும், எதுலயும் அதுக்கு வாய் கிடையாது. ஒரு வெத்துப் பேப்பர்லதான் என்ன கலர், எங்க ஆரம்பிக்கணும், எப்ப நிறுத்தணும்னு அது முடிவு பண்ணும். அதனால அந்த இடத்துலயும் போயி "ஏன் கறுப்பு, பச்சை அடி, சூரியன் போடு, கோட்டுக்கு வெளிய போகாத"ன்னு நாம சொன்னோம்னா அதையும் புடுங்கிட்டோம்னு அர்த்தம். "இது என்ன"ன்னு கூட கேக்க வேணாம், அது பரீட்சை கேள்வி. "சொல்லேன்"னு சொல்லிட்டு சும்மா இருங்க. சொல்லலைன்னாலும் பரவாயில்ல. "சூப்பரா இருக்கு"ன்னு உடனே அள்ளி விடாதீங்க, "இங்க ரொம்ப அழுத்தி அடிச்சிருக்கியே"ன்னு பாத்தத சொல்லுங்க, நாம நெசமாவே பாக்குறோம்னு அதுக்குத் தெரியும்.

இன்னும் சிலது. அவனுக்குப் போடுற மருந்துல வின்கிரிஸ்டின்னு ஒண்ணு இருக்கும், அது விரல் நரம்ப தளர்த்தும், பென்சில் புடிக்க முடியாம நழுவும், சில பிள்ளைங்களுக்கு தாடை கூட வலிக்கும். பேசாம இருக்குறதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம், டாக்டர்கிட்ட சொல்லுங்க. க்ரயான்ல துணிய சுத்தி தடிமனாக்கிக் குடுங்க, புடிக்க வாகா இருக்கும். ஸ்டீராய்டு ஓடுற நாள்ல பசியும் கோவமும் கண்ணு மண்ணு தெரியாம வரும், அது உங்க பையன் இல்ல, மருந்து. ரத்தத்துல வெள்ளை அணு கம்மியா இருக்குறப்ப களிமண்ணு, செடி, பூ, வேற பிள்ளை தொட்ட பொம்மை எதுவும் வேண்டாம், அவனுக்குன்னு புதுசா ஒரு பெட்டி க்ரயான், அவன் மட்டும். ரத்தத்த உறைய வைக்கிற தட்டணு கம்மியா இருந்தா கத்தரிக்கோல் குடுக்காதீங்க, கலர் பேப்பர கையால கிழிச்சு ஒட்டட்டும். பிள்ளைங்களுக்கு கிழிக்க ரொம்பப் புடிக்கும், கோவம் எல்லாம் அதுல போகும்.

ஃபோன புடுங்கி சண்டை போடாதீங்க. ஊசி போடுற நேரத்துல ஃபோன் நல்லதுதான், கவனம் மாறும். அது இல்லாத நேரத்துல நீங்க பக்கத்துல உக்காந்து உங்க பாட்டுக்கு ஏதாச்சும் கிறுக்குங்க. எங்களுக்கெல்லாம் தெரிஞ்ச ஒரு விளையாட்டு இருக்கு, நீங்க கண்ண மூடி ஒரு கிறுக்கல் போடணும், அத அவன் ஏதாச்சும் உருவமா மாத்தணும், அடுத்து அவன் கிறுக்கல நீங்க மாத்தணும். இங்கிலாந்துல வின்னிகாட்னு ஒரு குழந்தைங்க டாக்டர், மனநல வைத்தியரும் கூட, அவர் பிள்ளைங்களோட பேச்சு கொடுக்க இதத்தான் பண்ணுவாரு. பேச வேண்டியதே இல்ல, ஆனா கொஞ்ச நேரத்துல பேச்சு தானா வந்துரும்.

அப்புறம் இத மட்டும் ஒரு தடவை சோதிச்சுப் பாருங்க. "இந்த யானைக்குட்டிக்கு ஏன் உடம்பு சரியில்லாம போச்சு?"ன்னு கதை மாதிரி கேளுங்க. இந்த வயசுப் பிள்ளைங்க நெறைய பேரு தான் பண்ண தப்புக்குத்தான் நோய் வந்துச்சுன்னு மனசுக்குள்ள பூட்டி வெச்சிருக்கும். "ஐஸ் தின்னுச்சு, அம்மா சொல்லக் கேக்கல"ன்னு யானைய சாக்கா வெச்சு சொல்லிச்சுன்னா, அன்னைக்கே மடியில வெச்சு தெளிவா சொல்லிருங்க, உன்னால வரலை, யாராலயும் வரலைன்னு. இந்த சிகிச்சை ரெண்டு, ரெண்டரை வருஷம் போகும், நீண்ட பாதை. ஆனா இந்த வியாதி வந்த பிள்ளைங்கள்ல நெறைய பேரு முழுசா குணமாகி பள்ளிக்கூடம் போறாங்க தங்கச்சி, அத கெட்டியா புடிச்சுக்கோங்க.

கேள்வி: அம்மாங்க, நான் ஏற்காட்டுல காப்பி எஸ்டேட்ல வேலை பாக்குறேன். என் பொண்ணுக்கு 6 வயசு, கொய்யா மரத்துல இருந்து விழுந்து தொடை எலும்பு ஒடஞ்சு சேலத்துல ஆஸ்பத்திரில கால இழுத்து வெயிட் கட்டிப் போட்டிருக்காங்க. அவ அம்மா கூட இருக்கா. நான் ஞாயித்துக்கிழமைதான் இறங்க முடியும். "அப்பா வீட்டுக்குப் போலாம்"னு ஒரே அழுகை. எனக்கு வரையவும் தெரியாது எழுதவும் வராது, இது டீக்கடை தம்பி எழுதிக் குடுத்தது. நான் என்னங்க செய்ய முடியும்?

பதில்: தம்பி, உங்ககிட்ட இருக்குறது வேற யார்கிட்டயும் இல்ல, அவ வீடு உங்ககிட்டதான் இருக்கு. ஞாயித்துக்கிழமை வர்றப்ப காப்பி இலை, மிளகுக்கொடி இலை, சில்வர் ஓக் இலை, பலா இலை நாலு நாலு பறிச்சு கழுவித் துடைச்சு பழைய பேப்பர் நடுவுல அழுத்தி எடுத்துட்டு வாங்க. இலைய அட்டை மேல வெச்சு அதுமேல மெல்லிசு பேப்பரப் போட்டு க்ரயான படுக்க வெச்சு தேச்சா நரம்போட இலை அப்படியே எழும்பி வரும். இதுக்கு வரையத் தெரிய வேண்டியதில்ல. வார்டு சிஸ்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, எலும்பு வார்டுல பெரும்பாலும் ஒத்துக்குவாங்க, ஆனா பக்கத்துல புத்துநோய்க்கோ கிட்னிக்கோ மருந்து எடுக்குற பிள்ளைங்க இருந்தா செடி கொடி உள்ள கொண்டு போகக் கூடாது.

மல்லாந்து படுத்தே இருக்குற பிள்ளைக்கு பேனா சரிப்படாது, மேல பாத்துப் புடிச்சா மை இறங்காது. பென்சில், க்ரயான் குடுங்க. ஒரு எக்ஸாம் பேட வாங்கி, பேப்பர க்ளிப்புல மாட்டி, அவ அம்மாவ நெஞ்சு உயரத்துல சாய்வா புடிச்சுக்கச் சொல்லுங்க. வெயிட் கட்டியிருக்குற கயிறுலயும் கம்பியிலயும் மட்டும் எதையும் மாட்டக் கூடாது. மெக்சிகோவுல ஃப்ரிடா காலோன்னு ஒரு பெரிய ஓவியர், 1925ல 18 வயசுல பஸ் விபத்துல முதுகெலும்பு, இடுப்பு எல்லாம் ஒடஞ்சு மாசக்கணக்கா படுத்த படுக்கை. அவங்க அம்மா படுத்துட்டே வரையுற மாதிரி ஒரு பலகை செஞ்சு குடுத்தாங்க, மேல கண்ணாடி மாட்டி விட்டாங்க, அந்தப் பொண்ணு தன் முகத்தையே பாத்துப் பாத்து வரைஞ்சு பழகுனா. அம்மா புடிச்ச பலகைதான் ஆரம்பம்.

இன்னொண்ணு சொல்றேன், இத நான் ஒரு பையன வெச்சு செஞ்சு பாத்திருக்கேன். அடிவாரத்துல இருந்து உங்க ஊருக்கு 20 கொண்டை ஊசி வளைவு இருக்குல்ல, அது உங்க பொண்ணுக்கு மனப்பாடமா தெரியும். காலண்டர் தாள் பின்பக்கத்துல கீழ இருந்து மேல வரைக்கும் வளைஞ்சு வளைஞ்சு போற மாதிரி ஒரு ரோடு மட்டும் போடுங்க, பாம்பு மாதிரி ஒரு கோடு, அது யாருக்கும் வரும். ஒவ்வொரு வளைவுக்கும் நம்பர் போடுங்க. கீழ ஆஸ்பத்திரி, மேல வீடு. நாள் கணக்கு வெச்சு "20 நாள்ல வீட்டுக்குப் போயிரலாம்"னு மட்டும் சொல்லாதீங்க, டாக்டர் இன்னும் ஒரு வாரம்னு சொன்னா பிள்ளை நொறுங்கிப் போகும். ஒரு எக்ஸ்ரே முடிஞ்சா ஒரு வளைவு, ஒரு ஊசி முடிஞ்சா ஒரு வளைவு, ராத்திரி அழாம தூங்குனா ஒரு வளைவு, அழுதுட்டே தூங்குனாலும் ஒரு வளைவு. எது கணக்குன்னு அவளே சொல்லட்டும், என்ன கலர்னும் அவளே. அந்தப் பையன் எட்டாவது வளைவுல ஒரு குரங்கு வரைஞ்சான், பதினோராவதுல பஸ் பஞ்சர் ஆயிருச்சுன்னு ஒரு நாள் அடிக்கவே இல்ல, அன்னைக்கு அவனுக்குக் காய்ச்சல். எல்லாத்தையும் அந்த ரோட்டுலயே சொன்னான்.

வாரம் முழுக்க வர முடியலைன்னு வருத்தப்படாதீங்க. காலையில எஸ்டேட்ல சேவல் கூவுறது, வீட்டு நாய் குலைக்கிறது, தகரத்துல மழை கொட்டுறது, ஃபோன்ல வாய்ஸ் மெசேஜா அனுப்புங்க. என்ன சத்தம்னு அவ கண்டுபிடிச்சு படமா வரைஞ்சு வைக்கட்டும், ஞாயித்துக்கிழமை நீங்க பாருங்க.

கேள்வி: நான் ஸ்டாஃப் நர்ஸ். எங்க வார்டுல எப்பவும் பெட் ஃபுல், ஒரு ஷிஃப்டுக்கு ரெண்டு மூணு பேர்தான். நீங்க சொல்றது எல்லாம் கேக்க நல்லாருக்கு, ஆனா எங்களுக்கு நேரமும் கிடையாது, ஃபண்டும் கிடையாது. இன்ஃபெக்‌ஷன் பயம் வேற.
– சேலம்

பதில்: சிஸ்டர், உங்கள கையெடுத்துக் கும்புடணும், உங்ககிட்ட இன்னொரு வேலைய ஏத்த நான் வரலை. நீங்க பண்ற வேலையிலயே சிலத மாத்துனா போதும்.

வென்ஃப்ளான், அதான் ட்ரிப் ஏத்த நரம்புல போடுற சின்னக் குழாய், அத போடுறப்ப "எந்தக் கையில எழுதுவ கண்ணு"ன்னு கேட்டு, நரம்பு கிடைச்சா மத்த கையில போடுங்க. இந்த ஒரு கேள்வியாலயே மூணு நாலு நாள் அந்தப் பிள்ளை வரையலாம், சாப்பிடலாம். அடுத்தது, பிள்ளை வரைஞ்சிட்டு இருக்குறப்ப ட்ரேயோட போயி நிக்காதீங்க, அவசரம் இல்லாத ஊசின்னா "இத முடிச்சிக்கோ, அஞ்சு நிமிஷத்துல வர்றேன்"னு சொல்லிட்டு, சொன்ன மாதிரி அஞ்சு நிமிஷத்துல போங்க. தனியா ப்ரொசீஜர் ரூம் இருந்தா ஊசி, கட்டு மாத்துறது எல்லாம் அங்க வெச்சுக்கிட்டா, பெட்டாவது பிள்ளைக்கு பயமில்லாத இடமா இருக்கும்.

இன்ஃபெக்‌ஷனுக்கு, எதையும் பொதுவுல வைக்காதீங்க. சின்ன க்ரயான் பெட்டி ஒண்ணு, ஒரு பிள்ளைக்கு ஒண்ணு, பேர் எழுதி, டிஸ்சார்ஜ் ஆகுறப்ப வீட்டுக்கே குடுத்தனுப்பணும். பேப்பருக்கு சலைன் பாட்டில் வர்ற அட்டைப்பெட்டி, காலண்டர் தாள் போதும். பிரிக்காத புது சிரிஞ்ச ஊசி இல்லாம குடுத்தா கலர் தண்ணிய உறிஞ்சி பேப்பர்ல பீச்சும், நான் பாத்ததுலயே பிள்ளைங்க அதிகமா சிரிச்சது இதுக்குத்தான், தன்னக் குத்துற பொருள் தன் கையில வந்து நிக்குதே. க்ளவுஸ ஊதி பலூன் ஆக்கிக் குடுக்குறது மட்டும் வேண்டாம் சிஸ்டர், வெடிச்ச துண்ட சின்னப் பிள்ளைங்க முழுங்கிரும், சிலருக்கு லேடெக்ஸ் அலர்ஜியும் உண்டு. அதுக்குப் பதிலா காகிதக் காத்தாடி. ஊசி போடுறப்ப மெதுவா ஊதச் சொன்னா மூச்சு சீராகும், கை தளரும், உங்களுக்கும் சீக்கிரம் வேலை முடியும்.

ஒண்ணு சொல்லியே ஆகணும், மனசுல குத்திக்கிட்டே இருக்கு. ஒரு இடத்துல, பேர் வேண்டாம், 4 வயசுப் பொண்ணு ஒருத்தி. பழைய துப்பட்டாவ சுருட்டி நானும் அவளும் ஒரு பொம்மை கட்டுனோம். அதுக்கு பிளாஸ்டர் ஒட்டி வென்ஃப்ளான் மாதிரி வெச்சா. அப்புறம் பொம்மை வாய விரலால அழுத்திப் பொத்தி, "அழுவாத, அழுதா இன்னொரு தடவை குத்துவேன், அம்மாவ வெளிய போகச் சொல்லிருவேன்"னா. யாரோ அவகிட்ட சொன்ன அதே வார்த்தை, அதே குரல்ல. அவ என்கிட்ட புகார் எல்லாம் சொல்லல, விளையாட்டுலதான் வந்துச்சு. பிள்ளைங்க பொம்மைகிட்ட என்ன சொல்லுதுன்னு நடக்குற வழியில காதுல போட்டுக்கோங்க சிஸ்டர், வார்டுல என்ன நடக்குதுன்னு தெரியும். அன்னைக்கு நான் பொம்மையோட அம்மா குரல்ல, "என் பிள்ளை அழுதா அழட்டும், நான் எங்கயும் போக மாட்டேன்"னு சொன்னேன். "மறுபடியும் சொல்லு"ன்னா. ஏழெட்டு தடவை சொல்ல வெச்சா.

உங்களுக்கு ஆள் பத்தாதுன்னா கூட இருக்குற அப்பா அம்மாக்கள பயன்படுத்துங்க, அவங்ககிட்ட இல்லாத கலையா. நம்ம ஜில்லாவே தெருக்கூத்தும் பொம்மலாட்டமும் இருக்குற ஊரு. ஓமலூர் பக்கத்து கூத்துக்காரர் ஒருத்தர் தன் பையனுக்கு துணைக்கு இருந்தப்ப, விரல்ல காஸ் துணிய சுத்தி கண்ணு மூக்கு வரைஞ்சு கட்டியங்காரன கொண்டு வந்துட்டாரு. கூத்துல ராஜாவையே கேள்வி கேக்குறவன் கட்டியங்காரன்தானே, இங்க ராஜா பெரிய டாக்டர். "ராஜாவே ராஜாவே, நீரு கத்திரிக்கா தின்பீரா, உமக்கு ஊசி போட்டா அழுவீரா"ன்னு பிள்ளைங்க ஒவ்வொண்ணா விரல நீட்டிக் கேக்க, ரவுண்ட்ஸ் வந்த டாக்டரும் நின்னு பதில் சொன்னாரு, அழுவேன்னு ஒத்துக்கிட்டாரு. ரெண்டு வாரம் வார்டுல அதே பேச்சு.

கேள்வி: படம் வரைஞ்சா நோய் போயிடுமா? இதெல்லாம் வெளிநாட்டுக்காரன் வேலையத்த வேலை. மருந்து மாத்திரைக்கே அல்லாடுற நம்ம ஊருல இது தேவையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆத்தூர்

பதில்: ஐயா, நோய் போகாது. படம் வரைஞ்சு கட்டி கரைஞ்சிச்சு, ரத்த அணு ஏறிச்சுன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, மருந்துதான் நோய போக்கும். ஆனா பிள்ளை வாயத் திறந்து மருந்த முழுங்கணும், கைய நீட்டணும், வலி எங்கன்னு சொல்லணும், அதுக்குத்தான் இது.

வார்டு செவுத்துல சிரிக்கிற முகத்துல இருந்து அழுவுற முகம் வரைக்கும் ஆறு மூஞ்சி வரைஞ்ச சார்ட் ஒண்ணு பாத்திருப்பீங்க, வலி எவ்வளவுன்னு பிள்ளைங்க தொட்டுக் காட்டுறதுக்கு. அது எப்படி வந்துச்சு தெரியுங்களா, அமெரிக்காவுல டல்சான்னு ஒரு ஊருல, 1980கள்ல, தீக்காயம் பட்ட பிள்ளைங்கள கவனிச்சிட்டு இருந்த டோனா வாங், கோனி பேக்கர்னு ரெண்டு பேரு. நம்பர் சொல்லிக் கேட்டா பிள்ளைங்களுக்குப் புரியல. அதனால வெறும் ஆறு வட்டத்தக் குடுத்து, வலியே இல்லாததுல இருந்து ரொம்ப வலிக்கிற வரைக்கும் நீங்களே முகம் வரைங்கன்னு சொன்னாங்க. பிள்ளைங்க வரைஞ்சத வெச்சுதான் அந்த சார்ட் உருவாச்சு. இன்னைக்கு உலகம் முழுக்க நெறைய டாக்டருங்க வலி மருந்து எவ்வளவுன்னு யோசிக்கிறப்ப அதையும் பாக்குறாங்க. பிள்ளைங்க வரைஞ்சது வைத்தியத்துக்குள்ளயே போயிருச்சு ஐயா.

வெளிநாட்டுலயும் இது சும்மா வந்துடல. முன்ன எல்லாம் அங்க பிள்ளைய சேத்துட்டா அப்பா அம்மா கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போயிரணும். 1952ல இங்கிலாந்துல ஜேம்ஸ் ராபர்ட்சன்னு ஒருத்தர் ஆஸ்பத்திரில தனியா விடப்பட்ட ரெண்டு வயசுக் குழந்தைய படம் எடுத்துக் காட்டுனாரு, அது அழாம அடக்கிக்கிட்டு இருக்குறதப் பாத்து ஜனங்க கலங்கிப் போனாங்க. 1959ல அங்க பிளாட் கமிட்டின்னு அரசாங்கம் போட்ட குழுவோட அறிக்கை வந்து, பெத்தவங்கள கட்டுப்பாடில்லாம விடணும்னு சொல்லிச்சு. அதே காலத்துல, 1955ல, அமெரிக்காவுல கிளீவ்லாந்துல எம்மா பிளாங்க்னு ஒரு அம்மா வார்டுக்குள்ளயே விளையாட்டும் படிப்பும் ஆரம்பிச்சாங்க. "ஆர்ட் தெரபி"ன்னு பேர் வெச்ச ஏட்ரியன் ஹில் ஒரு டிபி நோயாளி, சானடோரியத்துல படுத்துட்டே வரைஞ்சு அதோட அருமை தெரிஞ்சவரு, 1942ல அந்தப் பேர வெச்சாரு. நோயாளிதான் கண்டுபிடிச்சாரு, வேலையத்தவங்க இல்ல. பிள்ளைங்களோட விளையாட்டு உரிமைய சொல்ற ஐ.நா. ஒப்பந்தத்த, அதுல 31வது பிரிவு, நம்ம இந்தியாவும் 1992ல ஏத்துக்கிச்சு. ஆஸ்பத்திரி வாசல்ல அந்த உரிமைய கழட்டி வெச்சுட்டு உள்ள போகணும்னு அதுல எழுதல. செலவுன்னு பாத்தா ஒரு டீ, ஒரு தட்டுவடை செட் வாங்குற காசுல ஒரு பெட்டி க்ரயான் வந்துரும் ஐயா.

கேள்வி: நாங்க காலேஜ் ஸ்டூடண்ட்ஸ். சில்ட்ரன்ஸ் வார்டுல ஒரு ட்ராயிங் காம்பெட்டிஷன் வெச்சு ப்ரைஸ் குடுத்து ரீல்ஸ் போடலாம்னு ப்ளான், டிப்ஸ் ப்ளீஸ்.
– ஐந்து ரோடு

பதில்: தம்பி, மனசு நல்ல மனசு, ஆனா போட்டி வேண்டாம், ப்ரைஸ் வேண்டாம், ரீல்ஸ் வேண்டவே வேண்டாம். ட்ரிப் ஏறிட்டு இருக்குற கையோட வரைஞ்ச பிள்ளைகிட்ட நீ தேர்ட்னு எப்படிப்பா சொல்லுவீங்க? முடி கொட்டுன பிள்ளை முகம் நெட்ல சுத்துனா அது பெரிசாகி பாக்குறப்ப என்ன தோணும்? ஒரு நாள் வந்துட்டு காணாம போறதுக்கு, உங்கள்ல ரெண்டே ரெண்டு பேரு ஆறு மாசம், வாரத்துல ஒரே கிழமை, ஒரே நேரம் போங்க. சளி, காய்ச்சல்னா போகாதீங்க, கைய சோப்பு போட்டுக் கழுவிட்டு உள்ள போங்க. "வரையலாமா"ன்னு கேளுங்க, "வேணாம்"னு பிள்ளை சொன்னா சரின்னு சிரிச்சுட்டு அடுத்த பெட்டுக்கு நகருங்க. அந்த வார்டுல அது வேணாம்னு சொல்லி ஒருத்தர் கேட்டுக்கிட்டது அன்னைக்கு அது ஒண்ணுதான் இருக்கும். ரெண்டாவது வாரமோ மூணாவது வாரமோ அதே பிள்ளை உங்கள கூப்புடும்.

கேள்வி: டீச்சர், எனக்கு 13 வயசு. தலசீமியா. மூணு வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் ஏத்தணும், குழந்தைங்க வார்டுலதான் போடுவாங்க. வர்றவங்க எல்லாம் முயல் படம் போட்ட கலரிங் புக் குடுத்துட்டுப் போறாங்க. நான் எய்த் படிக்கிறேன். எனக்கு எழுதத்தான் புடிக்கும், ஆனா அம்மா டைரிய எடுத்துப் படிச்சிட்டு அழுறாங்க. அதனால எழுதுறதையே நிறுத்திட்டேன்.
– ஒரு வாசகி, கன்னங்குறிச்சி

பதில்: கண்ணு, உன் கடிதத்த நான் மூணு தடவை படிச்சேன். முயல நீ பக்கத்து பெட் பாப்பாக்குக் குடுத்துரு. நீ எழுதணும்.

முதல்ல உங்க அம்மாகிட்ட பேசிக்கிறேன். அம்மா, இதப் படிச்சீங்கன்னா, உங்க பொண்ணு உடம்ப எல்லாரும் பாத்தாச்சு, ரத்தத்த எடுத்துப் பாத்தாச்சு, ரிப்போர்ட்ட ஊரே பாத்தாச்சு. அவ ஒளிச்சு வெச்சுக்க ஒரு நோட்டாவது இருக்கட்டும்மா. நீங்க பயத்துலதான் படிக்கிறீங்க, எனக்குத் தெரியும். அந்த பயத்துக்கு வேற ஆள்கிட்ட பேசுங்க, 14416னு டெலி மானஸ் நம்பர் இருக்கு, மனசு கஷ்டத்துக்கு அரசாங்கம் நடத்துற ஃபோன் உதவி, காசு கிடையாது, ராத்திரி பகல் எப்பவும் தமிழ்லயே பேசலாம்.

கண்ணு, உனக்கும் அதே நம்பர்தான். மனசு ரொம்ப இருட்டா இருக்கு, செத்துரலாம்னு தோணுதுன்னு எழுதுற நாள் வந்தா அத மட்டும் நோட்டுக்குள்ள மூடி வைக்காத, அம்மாகிட்டயோ சிஸ்டர்கிட்டயோ அந்த நம்பர்லயோ அன்னைக்கே சொல்லிரு. மத்தது எல்லாம் உன் சொத்து, யாருக்கும் காட்ட வேண்டியதில்ல. ரெண்டு நோட்டு வெச்சுக்கோ, ஒண்ணு அம்மா படிக்கலாம், இன்னொண்ணு கூடாதுன்னு அட்டையிலயே எழுதிரு. கோவம் வந்தா கோவமாவே எழுது, எழுத்துப் பிழை பாக்காத, நல்ல பொண்ணு மாதிரி எழுத முயற்சி பண்ணாத.

எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியலைன்னா ஒண்ணு தர்றேன். ஒரு பை ரத்தம் ஏற அதிகபட்சம் 4 மணி நேரம். அந்தப் பை மேல ஒரு லேபிள் ஒட்டியிருக்கும், ரத்த க்ரூப்பு, குடுத்த தேதி எல்லாம் போட்டிருக்கும், பேர் இருக்காது. அந்தத் தேதிய பாத்து வெச்சுக்கோ. அன்னைக்கு என்ன கிழமை, நீ என்ன பண்ணிட்டு இருந்த, அந்த ஆளு எங்க இருந்து வந்திருப்பாங்க, செவ்வாப்பேட்டையில கொலுசு பட்டறையில வேலை பாக்குறவரா, இளம்பிள்ளையில தறி ஓட்டுறவரா, உன் ஸ்கூல் பஸ் டிரைவரா, ஊசிக்கு பயந்தாங்களா, குடுத்து முடிச்சிட்டு அந்த பிஸ்கட்ட தின்னாங்களா. முதல் சொட்டு இறங்குறப்ப முதல் வரி எழுது, பை காலியாகுறப்ப நிறுத்து, பாதி வாக்கியத்துல இருந்தாலும் சரி. மூணு வாரம் கழிச்சு வேற பை வரும், வேற தேதி இருக்கும்.